புளியைக் கீழே வையுங்கள்: பழைய மோர்ஸ் கீ, கேள்வியும் பதிலும்

பழைய தந்தி கீகளை, அதாவது குமிழை அழுத்திப் புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் கருவிகளை, சேர்ப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் இந்த இதழுக்குப் பத்தை எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். அப்படி அதிகம் பேர் கேட்டது முதல் கேள்வி.

என் தாத்தா தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்த பித்தளை கீ கறுத்துப் போய்க் கிடக்கிறது. அங்கங்கே பச்சையாகவும் இருக்கிறது. குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா? – சேலம் வாசகர்

வேண்டாம். எலுமிச்சை, வினிகர், விளக்கு தேய்க்கும் பொடி, இவையும் வேண்டாம். குத்துவிளக்கு வார்த்த கனமான பித்தளை. வாரா வாரம் துலக்கினாலும் தாங்கும். கீ அப்படியில்லை. அதன் மேல் மெல்லிய லாக்கர் பூச்சு இருக்கிறது. தயாரித்தவர் பெயரும் எண்ணும் மயிரிழை ஆழத்துக்குத்தான் பொறிக்கப்பட்டிருக்கும். புளியின் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை முதலில் தின்னும், செம்பு மிஞ்சும். துலக்கி முடித்ததும் ஒருவித ரோஜா நிறம் தெரிகிறதே, அது சுத்தமான பித்தளையின் நிறமில்லை, துத்தநாகம் போன பித்தளையின் நிறம். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கடையில் விற்கும் திரவ பாலிஷ்களில் வேறொரு வம்பு. பலவற்றில் அம்மோனியா உண்டு. இழுத்தோ அடித்தோ உருவாக்கிய பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கியிருக்கும்; அதன்மேல் அம்மோனியா பட்டால் நாளடைவில் விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடித்துக் கிடந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் உறுதியானது. கீயில் இந்த ஆபத்து மெல்லிய தகடுகளுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும்தான் அதிகம். பாலிஷ் இடுக்கில் புகுந்து வெள்ளையாகக் காய்ந்து நிற்பது தனி அசிங்கம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் நாலு பக்கமும், அடியிலும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு படம். திருகுகளை ஓர் அட்டையில் கீயின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். எல்லாத் திருகும் ஒன்று போலத் தெரியும், ஆனால் நீளம் மாறும். நீளமான திருகு குறுகிய துளைக்குள் போனால் அடிப்பலகை பிளக்கும். பிறகு 200 மில்லி காய்ச்சி வடித்த நீரில் இரண்டே சொட்டு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. பஞ்சுக்குச்சியை அதில் நனைத்துப் பிழிந்துவிட்டு, உருட்டி உருட்டித் துடையுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் அழுக்கே உப்புத்தாள் ஆகிவிடும். வெறும் நீரில் இன்னொரு முறை துடைத்து, உடனே காய வையுங்கள். மரப்பலகையில் நீர் படக் கூடாது. பாதிக் கறுப்பு இந்த ஒரு கழுவலிலேயே போய்விடும். பலருக்கு அதுவே போதும்.

பச்சைக் களிம்பு வேறு விஷயம். அதை விட்டு வைத்தால் அரித்துக்கொண்டே போகும். அதன் மேல் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் விடுங்கள். பிறகு மூங்கில் பல்குச்சியால் சுரண்டினால் உதிரும். ஊசியும் பிளேடும் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். அவை நாளாவட்டத்தில் சிக்குப் பிடித்து அமிலமாகும்.

கடைசியில் நுண்படிக மெழுகு (மைக்ரோகிரிஸ்டலைன் வாக்ஸ்) மிக மெல்லியதாக ஒரு பூச்சு. பத்து நிமிடம் கழித்துப் பழைய பருத்தித் துணியால் தடவி எடுத்துவிடுங்கள். தொடுமுனைகளில், அதாவது அழுத்தும்போது ஒன்றையொன்று தொட்டு மின்சுற்றை இணைக்கும் முனைகளில், மெழுகு படக் கூடாது. கண்ணாடி போலப் பளபளக்கும் கீயைவிட, தாத்தாவின் விரல் பட்ட இடம் மட்டும் தேய்ந்து மற்ற இடமெல்லாம் தேன் நிறத்தில் இருக்கும் கீக்குத்தான் சேகரிப்பாளரிடம் மதிப்பு.

என்னிடம் இரண்டு கீகள் உள்ளன. ஒன்றில் பக்கவாட்டில் நகரும் சிறு கைப்பிடி இருக்கிறது. மற்றதில் அது இல்லை. ஆனால் மூன்று டெர்மினல்கள் (கம்பி மாட்டும் இடங்கள்). எது எந்த நாடு? – திருநெல்வேலி

கைப்பிடி உள்ளது அமெரிக்க வழி. மூன்று டெர்மினல் பிரிட்டிஷ் மற்றும் ஐரோப்பிய வழி. அமெரிக்கத் தந்தி வரிசையில் (நிலையங்களை இணைக்கும் கம்பித் தடத்தில்) யாரும் அனுப்பாத நேரத்திலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வரிசையில் ஒரே ஒரு கீ திறந்து கிடந்தாலும் மொத்த வரிசையும் செத்துவிடும். ஆகவே அனுப்பி முடித்ததும் அந்தக் கைப்பிடியைத் தள்ளிச் சுற்றை மூடிவிட வேண்டும். பிரிட்டிஷ் வழியில் சும்மா இருக்கும்போது வரிசையில் மின்சாரம் இல்லை. நடு டெர்மினல் வரிசைக்கு, முன்னது பேட்டரிக்கு, பின்னது வாங்கும் கருவிக்கு. குமிழை அழுத்தாதபோது லீவரின் பின்பக்கம் பின் தொடுமுனையில் உட்கார்ந்து, வரும் செய்தியை உள்ளே விடும்.

அமெரிக்கக் கீயில் இன்னொன்றும் பாருங்கள். அடியிலிருந்து இரண்டு நீண்ட போல்ட்டுகள் மேசையைத் துளைத்துக்கொண்டு போகும்படி இருந்தால் அது கால் வைத்த கீ. டெர்மினல்கள் மேலேயே இருந்தால் காலில்லாதது. காலை யாராவது அறுத்திருந்தால் அடியில் ரம்பத் தடம் தெரியும், விலை பாதியாகும். லீவர் பித்தளையாக இல்லாமல் எஃகாக இருந்து, 1881 பிப்ரவரி 15 என்ற காப்புரிமைத் தேதி பொறித்திருந்தால், அது நியூயார்க்கின் ஜே.எச். பன்னல் அமைத்த எஃகு லீவர் வகை. அதற்கு முந்தைய கீகளில் பித்தளை லீவருக்குள் அச்சைத் தனியாகச் செருகியிருப்பார்கள். நாள்பட அது ஆடும். பன்னல் லீவரையும் அச்சையும் ஒரே எஃகுத் துண்டில் செய்தார். இந்த வகையைப் பலர் பல்லாண்டு காப்பியடித்தார்கள். எனவே தேதி இருப்பதால் மட்டும் அது 1881-ல் செய்தது ஆகிவிடாது.

பட்டாளத்துக் கீயில் அகன்ற அம்புக்குறி இருக்கும். அது பிரிட்டிஷ் அரசின் சொத்து முத்திரை. அம்புக்குக் கீழே ஆங்கில ஐ எழுத்து இருந்தால் இந்தியாவுக்குரியது. சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு டி (D) எழுத்துகளுக்கு நடுவே என்றால் ஆஸ்திரேலியா. “டபிள்யூ டி (WT) 8 ஆம்ப்” என்று பொறித்த கீகள் நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில் இன்னும் அகப்படுகின்றன. முதல் இரண்டு எழுத்தும் கம்பியில்லாத் தந்தியைக் குறிப்பவை. 8 ஆம்பியர் என்பது தொடுமுனை தாங்கும் மின்னோட்டம்.

கீயை அழுத்தினால் புது டிரான்சீவரில் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோவில்) சில எழுத்து விழுகிறது, சில விழவில்லை. தொடுமுனையை உப்புத்தாளால் தேய்த்தேன், இரண்டு நாள் சரியாக இருந்தது, மறுபடி அதே கதை. – கோயம்புத்தூர்

உப்புத்தாளை இனித் தொடாதீர்கள். அது வெள்ளியில் கீறல் போட்டிருக்கிறது. கீறலுக்குள் அழுக்கு முன்னைவிட வேகமாகச் சேரும். தொடுமுனையின் விலையுயர்ந்த உலோகம் பெரும்பாலும் ஒரு மெல்லிய வில்லைதான். தேய்த்துத் தீர்த்தால் அடியில் பித்தளை.

கோளாறின் வேர் இது. பழைய வரிசையில் பத்துப் பத்தாக மில்லி ஆம்பியர் ஓடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சிறு பொறி பறந்து, முனையில் படிந்த படலத்தை எரித்துவிடும். உங்கள் டிரான்சீவர் கீக்குக் கொடுப்பது 5 வோல்ட் அளவில் ஓரிரு மில்லி ஆம்பியர். பொறி இல்லை, எரிப்பும் இல்லை. கண்ணுக்கே தெரியாத படலம் போதும், எழுத்தை விழுங்க.

சுத்தம் செய்ய வழவழப்பில்லாத நல்ல வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனையுங்கள். இரு முனைகளுக்கும் நடுவே வைத்து, குமிழை லேசாக அழுத்திக்கொண்டு உருவுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை புதுத் துண்டாக மாற்றி மாற்றி உருவி, கடைசியில் உலர்ந்த தாளால் இரண்டு முறை. ஆல்கஹால் பக்கத்தில் சிந்தக் கூடாது. பழைய லாக்கரும் மரப்பலகையின் பாலிஷும் அவலரக்கில் செய்தவை, ஆல்கஹால் பட்டால் கரையும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் குற்றவாளி தொடுமுனை அல்ல. பலரும் மறப்பது, பெரும்பாலான கீகளில் மின்சாரம் லீவருக்குப் போவதே அச்சின் சுழல்முனை வழியாகத்தான். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு டெர்மினல்களிலும் பிடித்துக் குமிழை அழுத்துங்கள். அரை ஓமுக்கு மேல் காட்டினாலோ எண் குதித்தாலோ, ஒரு கம்பியை லீவரின் மேலேயே வைத்துப் பாருங்கள். இப்போது எண் நின்றால், அழுக்கு சுழல்முனையில். இரு பக்க லாக் நட்டுகளையும் தளர்த்தி, சுழல்முனைத் திருகுகளை எடுத்து, கூம்பையும் குழியையும் ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்து, ஊசி முனையில் எடுத்த எண்ணெய் மட்டும் விட்டு மாட்டுங்கள். கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பசையாகும். மாட்டும்போது லீவரின் பக்கவாட்டு ஆட்டம் நிற்கும் வரை முறுக்கி, எட்டில் ஒரு சுற்று பின்வாங்கி, திருகைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் திருகும் கூடவே சுற்றிக் கூம்பு நசுங்கும்.

இடைவெளி எவ்வளவு என்று தொடர்ந்து கேட்பார்கள். அச்சுப்பொறியில் போடும் சாதாரணத் தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். மூன்று தாள் நுழையும் இடைவெளியில் தொடங்குங்கள். கை பழகப் பழக ஒன்றரைத் தாளுக்கு இறக்கலாம். அதற்குக் கீழே போனால் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும்.

திருகு ஒன்று தொலைந்துவிட்டது. கடையில் வாங்கிய மெட்ரிக் திருகு பாதிவரை போய் நின்றுவிட்டது. – ஈரோடு

நல்ல வேளை, பாதியில் நின்றது. ஸ்பானர் போட்டிருந்தால் மரை போயிருக்கும். உங்களுடையது பிரிட்டிஷ் கீ என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரையாக இருக்க வாய்ப்பு அதிகம். 2 பிஏ விட்டம் 4.7 மில்லிமீட்டர், 4 பிஏ 3.6, 6 பிஏ 2.8. 4 பிஏ துளையில் 3.5 மில்லிமீட்டர் மெட்ரிக் திருகு ஒட்டியும் ஒட்டாமலும் போகும். மரை இடைவெளி ஒன்றில் 0.66, மற்றதில் 0.6. மிகவும் ஏமாற்றுவது 0 பிஏ. அதுவும் 6 மில்லிமீட்டர் மெட்ரிக்கும் விட்டத்தில், இடைவெளியில் ஒன்றே. ஆனால் பிஏ மரையின் கோணம் 47.5 பாகை, மெட்ரிக்கின் கோணம் 60. திருகு கடைசிவரை போகும், பிடிப்பு மட்டும் இருக்காது. பழைய மின்மீட்டர், தொலைபேசிக் கருவி, வால்வு ரேடியோ இவற்றின் உடைசல்களில் பிஏ திருகுகள் குவிந்து கிடக்கின்றன. கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அமெரிக்கக் கீ என்றால் அங்குலக் கணக்கு. அவற்றில் எந்த அட்டவணையிலும் வராத மரைகளும் உண்டு. லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துக் கடைவதே வழி.

இறுகிய திருகைக் கழற்ற: திருகாணியின் பிளவுக்கு அச்சாகப் பொருந்தும் முனை வேண்டும், பொருந்தாவிட்டால் ஸ்க்ரூடிரைவரை அரம் போட்டுப் பொருத்துங்கள். 60 வாட் சால்டரிங் அயர்னைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வைத்து, ஆறவிட்டு, பிறகு திருப்புங்கள். விரிந்து சுருங்கியதில் களிம்பின் பிடி விடும். குமிழும் பலகையும் செய்யும் கறுப்புக் காப்புப் பொருள்களான எபோனைட்டுக்கோ பேக்லைட்டுக்கோ அருகில் இந்த வேலை வேண்டாம்.

“டைட்டானிக் கப்பலில் இருந்த மார்க்கோனி கீ” என்று ஆன்லைனில் வாங்கினேன். உண்மையானதா? – சென்னை

இல்லை. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லலாம். மொராதாபாத், ரூர்க்கிப் பக்கம் பழைய கப்பல் கருவிகளின் சாயலில் அலங்காரப் பொருள்கள் செய்கிறார்கள். மேசை மேல் வைக்க நன்றாகவே இருக்கும். அலங்காரம் என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை.

அந்தக் காலக் கப்பல் கம்பியில்லாத் தந்தி நிலையம் பொறி வகை, அதாவது மின்பொறியால் அலை கிளப்புவது. டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுற்றில் ஓடும் முழு மின்னோட்டத்தையும் கீயே வெட்ட வேண்டும். அதனால் தொடுமுனைகள் தடித்தவை, லீவர் கனமானது. உங்கள் படத்தில் உள்ள முனை குண்டூசித் தலை அளவு. முதல் எழுத்திலேயே உருகி ஒட்டியிருக்கும்.

இனி வாங்குமுன் நீங்களே சோதிக்கலாம். ஒன்று, மீட்டரை டெர்மினல்களில் வைத்துக் குமிழை அழுத்தாமலே பாருங்கள். போலிகள் பலவற்றில் சுற்று எப்போதும் மூடியே இருக்கும், காரணம் பித்தளை அடிப்பலகைக்கும் முன் தொடுமுனைக்கும் நடுவே காப்பு வைக்க மறந்திருப்பார்கள். இரண்டு, தொடுமுனையில் வெள்ளியோ பிளாட்டினமோ இல்லாமல் வெறும் பித்தளை. மூன்று, கூட்டல் குறிப் பிளவுள்ள திருகுகள். அந்த வகை 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. நான்கு, அடிப்பாகத்தில் மணல் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே. ஐந்து, திருகின் பிளவுக்குள்ளும் லீவரின் மேலும் ஒரே மாதிரிக் கறுப்பு. உண்மையான பழமை சீராக இருக்காது. கை படும் இடம் வெளுத்து, மூலை கறுத்து, குமிழின் அடியில் வியர்வை அரித்த வளையம் தெரியும்.

பெரிய பெயர் பெரிதாகப் பொறித்திருந்தால் அதற்காகவே ஒரு படி கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

ஜே-38 அரிதான கீ என்கிறார்களே? – பெங்களூர்த் தமிழர்

அரிதே இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் சமிக்ஞைப் படைக்காகப் பல கம்பெனிகள் ஏராளமாகச் செய்து தள்ளிய கீ அது. பொம்மை ரயிலுக்குப் பேர்போன லயனல் கம்பெனியும் செய்தது. போர் முடிந்ததும் மிச்சம் எல்லாம் மலிவாகச் சந்தைக்கு வந்து, ஒரு தலைமுறை அமெச்சூர் ரேடியோக்காரர்களின் முதல் கீ ஆனது. நல்ல கீ, உழைக்கும். ஆரம்பிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானவை குறைவு. “அரிது” என்ற சொல்லுக்காக மட்டும் பணம் கொடுக்க வேண்டாம். கறுப்புப் பேக்லைட் பலகை கீறாமல், சுற்றை மூடும் கைப்பிடி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியே இல்லாத அதன் சகோதரன் ஜே-37. இரண்டையும் மாற்றிச் சொல்லி விற்பார்கள். உடைந்த பேக்லைட்டை உப்புத்தாள் போட்டு உரசாதீர்கள். பழைய பேக்லைட் சிலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கிறது, தூசி நுரையீரலுக்கு ஆகாது.

விப்ரோப்ளெக்ஸ் பக் ஒன்று கிடைத்தது. புள்ளிகள் கரகரக்கின்றன, சில சமயம் மூன்றுக்கு மேல் வருவதில்லை. எங்கே தொடங்க? – கொழும்பு வாசகர்

பக் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வரி: சாதாரணக் கீயில் ஒவ்வொரு புள்ளியையும் கை அடிக்க வேண்டும், நாள் முழுக்க அடித்தவர்களுக்குக் கை மரத்துப்போகும், அமெரிக்கத் தந்தியாளர்கள் அதைக் “கண்ணாடிக் கை” என்றார்கள். ஹொரேஸ் மார்ட்டின் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த பக்கில், கட்டைவிரலால் ஒருமுறை தள்ளினால் ஒரு தகட்டு ஸ்பிரிங் ஊசல் போல ஆடிப் புள்ளிகளைத் தானே போடும். கோடுகளை மட்டும் ஆள்காட்டி விரல் போடும்.

எதையும் திருப்புமுன் இப்போதுள்ள நிலையைப் படம் எடுங்கள். பக்கில் ஏழெட்டுத் திருகுகள் ஒன்றையொன்று பாதிக்கும். நடுவில் தொடங்கினால் விடிய விடியத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வரிசை இப்படி.

முதலில் அச்சு: ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. அடுத்து, ஊசலின் கோடியை நிறுத்தும் தணிப்பானும் லீவர் வந்து சாயும் பின் நிறுத்தமும். பின் நிறுத்தத் திருகைச் சுற்றி, ஊசல் தணிப்பானின் மேல் லேசாகச் சாய்ந்து நிற்குமாறு வையுங்கள். அதே சமயம் லீவர் நிறுத்தத்தின் மேலும் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று எட்டாவிட்டால் ஒவ்வொரு எழுத்தின் முடிவிலும் ஊசல் நடுங்கும், ஒரு வேண்டாத புள்ளி வந்து விழும். மூன்றாவது, எதிர்ப்பக்க நிறுத்தம்: கை படாதபோது லீவருக்கும் திருகுக்கும் நடுவே சுமார் 0.4 மில்லிமீட்டர், அதாவது நாலு தாள். இது குறைந்தால் தள்ளலின் வேகம் போதாமல் ஊசல் சீக்கிரம் ஓய்ந்துவிடும். மூன்று புள்ளியோடு நிற்பதற்கு முதலில் இங்கேதான் பாருங்கள்.

நான்காவதில்தான் சூட்சுமம். விரலால் தள்ளும் துடுப்பைப் புள்ளிப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஊசல் முழுக்க ஓயும் வரை காத்திருங்கள். ஓய்ந்த நிலையில் புள்ளித் தொடுமுனைத் திருகை மெல்ல உள்ளே கொண்டு வந்து, ஸ்பிரிங் முனையைத் தொட்டும் தொடாமலும் நிறுத்துங்கள். ஸ்பிரிங் வளையும் அளவுக்குத் தள்ளினால் புள்ளி தடித்து, ஊசலின் சக்தியையும் தின்றுவிடும். மூன்று புள்ளிக்கு அடுத்த காரணம் இதுதான்.

அளவு சரியா என்று காதால் தீர்மானிக்க வேண்டாம். முள் ஆடும் பழைய மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் கோடு பக்கம் அழுத்திப் பிடித்தால் முள் வலது கோடிக்குப் போகும். புள்ளிகளை ஓடவிட்டால் முள் நடுவில் நிற்க வேண்டும். வலப்பக்கம் சாய்ந்தால் புள்ளி தடிப்பு, இடப்பக்கம் என்றால் மெலிவு. எண் காட்டும் மீட்டர் இந்த வேலைக்கு உதவாது.

கரகரப்பு பெரும்பாலும் முனை துள்ளுவதால் வருகிறது. முனைகளை மேலே சொன்ன தாள் வைத்தியத்தால் சுத்தம் செய்து, நேருக்கு நேர் பொருந்துகின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். பிறகும் கரகரத்தால், புள்ளி முனை உட்கார்ந்திருக்கும் ‘ப’ வடிவ ஸ்பிரிங்கின் வளைவுக்குள் ஒரு சிறு பஞ்சு நூல் துண்டைச் செருகுங்கள். துள்ளல் அடங்கும். பழைய ஆட்கள் எல்லாரும் செய்த வித்தை, கழற்றினால் தடமே இருக்காது.

ஊசலில் உள்ள எடையைக் கோடிக்குத் தள்ளினால் வேகம் குறையும், அச்சுப் பக்கம் இழுத்தால் கூடும். வேகத்தைக் குறைக்க ஊசல் தகட்டை மெலிதாக உரசுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடுதலாக ஓர் எடை மாட்டினால் முடியும் காரியத்துக்கு இந்தக் கொலை வேண்டியதில்லை.

சவுண்டருக்கு எத்தனை வோல்ட் கொடுக்கலாம்? ஒரு முறை இழுத்தால் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. – தஞ்சாவூர்

சவுண்டர் என்பது வரும் செய்தியைக் ‘கட்’, ‘கட்’ என்ற சத்தமாகக் கேட்கவைக்கும் மின்காந்தக் கருவி. முதலில் அதன் சுருளின் மின்தடையை அளந்து பாருங்கள். அமெரிக்கச் சவுண்டர்களில் 4 ஓம், 20 ஓம், 120 அல்லது 150 ஓம் என்ற வகைகள் அதிகம். 4 ஓமுக்கு 1.5 வோல்ட் பெரிய டார்ச் செல் ஒன்று போதும். 20 ஓமுக்கு 3 வோல்ட். 120 ஓமுக்கு 6 முதல் 9 வரை. தடை எல்லையில்லாமல் காட்டினால் பயப்பட வேண்டாம். சுருள் எரிந்திருப்பதைவிட, மெல்லிய கம்பி வெளியே வரும் இடத்தில் களிம்பு பிடித்து அறுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த நுனியைத் தேடிப் பிடித்துச் சால்டர் வையுங்கள். சுருளைப் பிரிக்காதீர்கள்.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் மின்சாரம் அல்ல, மிச்சக் காந்தம். இழுபடும் இரும்பு காந்தத் துருவத்தைத் தொடவே கூடாது. இழுத்த நிலையிலும் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்குமாறு கீழ் நிறுத்தத் திருகை ஏற்றுங்கள். ‘கட்’ என்ற சத்தம் அந்தத் திருகு அடிப்பதில் வருவது, துருவத்தில் மோதுவதால் அல்ல. பிறகும் விடாவிட்டால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கலாம்.

சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடை வையுங்கள், வெள்ளைக் கோடுள்ள பக்கம் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம். கீயின் தொடுமுனையில் பொறி அடங்கும். இரும்பு விடுபடுவது கொஞ்சம் மந்தமாகும். அது உறுத்தினால் டயோடோடு தொடராக, சுருளின் தடை அளவுக்கே உள்ள ரெசிஸ்டர் ஒன்று.

சத்தம் போதவில்லை என்றால் பின்னால் ஒரு தகர டப்பாவைச் செருகுங்கள். அமெரிக்க ரயில் நிலையங்களில் புகையிலை டப்பாவை அப்படித்தான் வைத்தார்கள்.

வால்வு டிரான்ஸ்மிட்டரில் பழைய கீயை நேரடியாக மாட்டலாமா? – நாகர்கோவில்

மாட்டாதீர்கள். வால்வின் கேத்தோடு (எதிர்முனை) வழியாக வெட்டும் சுற்றுகளில் கீ திறந்திருக்கும்போது அதன் முனைகளில் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பழைய கீயின் லீவர் முழுக்க வெறும் உலோகம். நடுவே ஒரு ரிலேயோ, அதிக வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டரோ வையுங்கள். எந்தச் சுற்றானாலும் லீவர் பக்கம் பூமி முனைக்கும், அசையாத தொடுமுனை மற்றதற்கும் போகட்டும். கீயை வைத்திருக்கவும், பயிற்சிக்கு ஆசிலேட்டரில் (ஒலி மட்டும் எழுப்பும் சிறு கருவியில்) அடிக்கவும் உரிமம் வேண்டாம். வானில் அனுப்ப அமெச்சூர் உரிமம் கட்டாயம்.

கறுப்புக் குமிழ் பச்சை கலந்த பழுப்பாகிவிட்டது. வெந்நீரில் கழுவினேன், இன்னும் மோசம். வெளிநாட்டு நண்பருக்கு இந்தக் கீயை அனுப்பும் எண்ணம் உண்டு, எப்படிக் கட்டுவது? – புதுச்சேரி

குமிழ் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டு அதன் மேற்பரப்பிலுள்ள கந்தகம் மெல்ல கந்தக அமிலமாகிறது. நிறம் அதனால்தான் மாறுகிறது. வெந்நீர் அந்த மாற்றத்தை ஒரே நிமிடத்தில் முடித்து வைக்கும். போன கறுப்பு உரசாமல் திரும்பாது, உரசினால் குமிழின் வடிவம் போகும். இப்போதைக்குக் குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்த்தி, மெழுகு பூசி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். எபோனைட் பாகம் உள்ள கீயை மூடிய டப்பாவில் வெள்ளி முனைகளோடு சேர்த்து அடைத்து வைத்தால், முனைகள் ஓரிரு மழைக்காலத்தில் கறுக்கும். ரப்பர் பேண்டும் அதே வேலையைச் செய்யும்.

அனுப்புவதற்கு முன் அதன் வயதைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழங்கால அறிவியலைக் காட்டும் பொருளும் அந்த வரையறைக்குள் வரும். நூறாண்டு ஆகாதது என்று தெரிந்தாலும், தோற்றத்தில் பழையதாக இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் நிறுத்தினால் காட்ட வேண்டியிருக்கும்.

கட்டும்போது குமிழைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். வழியில் ஒரு பெட்டி கீழே விழுந்தால் முதலில் உடைவது அதுதான். தொடுமுனைகளுக்கு நடுவே மடித்த தாள் ஒன்றை வைத்து, லீவரைப் பருத்தி நாடாவால் அடிப்பலகையோடு கட்டுங்கள். ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தி விடுங்கள். எத்தனை சுற்று தளர்த்தினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். செய்தித்தாளில் நேரடியாகச் சுற்ற வேண்டாம், மை பித்தளையில் ஒட்டும். வெள்ளைப் பருத்தித் துணி, அதன் மேல் குமிழி உறை, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, பிறகு பெட்டி. பெட்டியின் நாலு சுவருக்கும் கீக்கும் நடுவே குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் மெத்தை இருக்கட்டும். வெளியே இன்னொரு பெட்டி.